பாடசாலை கைவிரித்தால் முதலில் கடிதம் வாங்குங்கள்

கொழும்பில் முதலாம் வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்க்கப் போய் வெறுங்கையோடு திரும்பும் பெற்றோர் அநேகம்பேரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருப்பதில்லை. "இடமில்லை", "புள்ளி காணாது", "மேலிடத்திலிருந்து கடிதம் வந்தால் பார்ப்போம்" என்று அதிபர் அறை வாசலில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போனால் "பாடசாலையில் கேளுங்கள்", பாடசாலைக்குப் போனால் "வலயத்தில் கேளுங்கள்". இப்படியே இரண்டு மாதம் ஓடிவிடும். ஒரு சட்டத்தரணியிடம் போய் உட்காரும்போதுதான் காலம் கடந்துவிட்டது என்று தெரியவரும்.

அரசாங்க அலுவலகமோ அரச பாடசாலையோ உங்கள் அடிப்படை உரிமையை மீறினால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். மூன்று மாதமல்ல, அலுவலகம் பதில் தரும்வரையும் அல்ல, ஒரே ஒரு மாதம். அலைக்கழிப்பவர் வேண்டுமென்றே செய்கிறாரா, தனக்கே தெரியாமல் செய்கிறாரா என்பது வேறு கதை. இரண்டிலும் நாள் போவது உங்களுக்குத்தான். அதனால் மறுப்பு என்று காதில் விழுந்த அன்றே அதை எழுத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

எழுத்தில் தர அவர்கள் மறுத்தால் நீங்களே எழுதலாம். "இன்று காலை 10 மணியளவில் உங்கள் அலுவலகத்தில், எனது பிள்ளையின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாக எனக்கு வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட்டது. அதற்கான காரணத்தை எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." இவ்வளவு போதும். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றைக் கொடுங்கள், மற்றதில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். கிளார்க் வாங்க மாட்டேன் என்றால் வாக்குவாதப்படாமல் அன்றே பதிவுத் தபாலில் போடுங்கள். கடிதத்தின் அடியில் "நேரில் கையளித்தபோது ஏற்றுக்கொள்ளப்படவில்லை" என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது. தபால் கந்தோரில் தரும் பற்றுச்சீட்டின் மை சில மாதத்தில் மங்கிப் போகிறது, அன்றைக்கே போட்டோப்பிரதி எடுத்து வையுங்கள்.

அடுத்தது இரண்டு வேலை. இரண்டையும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். ஒன்று முடிந்தபின் மற்றது என்று காத்திருப்பதுதான் பலரை விழுத்துகிறது.

முதலாவது, இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு. தலைமை அலுவலகம் பம்பலப்பிட்டியில், ஆர். ஏ. டி மெல் மாவத்தையில் இருக்கிறது, தொலைபேசி 1996. கட்டணமில்லை, சட்டத்தரணி தேவையில்லை, தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். இங்கே போவதற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க ஆணைக்குழுச் சட்டத்தின் 13(1) பிரிவு, சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் உயர் நீதிமன்றத்தின் ஒரு மாதக் கணக்கில் சேராது என்கிறது. ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ஆகவே முறைப்பாட்டு இலக்கத்தோடு நின்றுவிடாமல், விசாரணை நடப்பதாக ஆணைக்குழுவிடமிருந்து ஒரு கடிதமும் கேட்டு வாங்குங்கள். விசாரணைக்கு அழைத்தால் ஒரு தவணையையும் தவறவிடாதீர்கள். ஆணைக்குழுவின் பரிந்துரை பாடசாலையைக் கட்டுப்படுத்தாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இருந்தாலும் ஆணைக்குழுவின் கடிதத் தலைப்போடு ஒரு விளக்கக் கோரிக்கை போனால், மூடிக் கிடந்த கோப்பு பல இடங்களில் திறக்கிறது.

இரண்டாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரச பாடசாலை, வலயக் கல்வி அலுவலகம், கல்வி அமைச்சு மூன்றுமே இதற்குள் வரும். தகவல் அலுவலர் யாரென்று தெரியாவிட்டால் "தகவல் அலுவலர்" என்று பதவிப் பெயருக்கே எழுதுங்கள். ஒருவரையும் நியமிக்காவிட்டால் அந்த நிறுவனத்தின் தலைவரே தகவல் அலுவலராகக் கொள்ளப்படுவார். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, விண்ணப்பத்துக்குக் கட்டணமும் இல்லை. படிவம் இருந்தாலும் வெறும் கடிதமும் செல்லும். கொடுத்த உடனே பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சி தர வேண்டும்.

கால அளவுகளைக் கவனியுங்கள். தருவதா இல்லையா என்று தீர்மானிக்க 14 வேலை நாட்கள். தருவதென்று தீர்மானித்தால் அதிலிருந்து 14 நாளுக்குள் தர வேண்டும், காரணம் காட்டி இன்னும் 21 நாட்கள் வரை நீட்டவும் முடியும். மறுத்தால் 14 நாளுக்குள், மேன்முறையீட்டைக் கேட்க அந்த நிறுவனம் நியமித்திருக்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு 3 வாரம். அதிலும் திருப்தியில்லை என்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. சனி, ஞாயிறு, போயா கழித்துப் பார்த்தால் முதல் 14 வேலை நாளே மூன்று வாரம் ஆகிவிடும். தகவல் கையில் வரும்போது உயர் நீதிமன்றத்துக்கான ஒரு மாதம் போய்விட்டிருக்கும். "முதலில் புள்ளி விபரத்தை எடுப்போம், பிறகு மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போவோம்" என்று நினைப்பவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

தகவல் கோரிக்கையில் என்ன கேட்கிறீர்கள் என்பதில்தான் முழு விடயமும் இருக்கிறது. "என் பிள்ளைக்கு ஏன் இடம் கிடைக்கவில்லை?" என்று கேட்டால் "போதிய புள்ளி பெறவில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கேள்வி கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். உங்கள் விண்ணப்பத்துக்குரிய புள்ளித்தாளின் பிரதி, ஒவ்வொரு தலைப்பின் கீழும் கொடுத்த புள்ளியோடு. நீங்கள் விண்ணப்பித்த அனுமதிப் பிரிவில் (அருகில் வசிப்போர் என்பது போன்றது) தெரிவான கடைசிப் பிள்ளையின் புள்ளி. அந்தப் பிரிவில் தெரிவானவர்களின் புள்ளிகள், பெயர் நீக்கிய பட்டியலாக. தூரத்துக்காகப் புள்ளி கழிக்க எடுத்துக்கொண்ட பாடசாலைகளின் பெயர்கள். நேர்முகப் பரீட்சைக் குழுவின் கூட்டக்குறிப்பு. மற்றப் பிள்ளைகளின் பெயரோடு கேட்டால் அந்தரங்கத் தகவல் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவைக் காட்டி மறுக்க இடம் கொடுத்துவிடுவீர்கள். பெயரை நீக்கிக் கேட்டால் அந்தக் கதவு அடைபடும்.

தூரப் புள்ளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தமிழ் மொழிமூலப் பிள்ளைகள் அநியாயமாகப் புள்ளி இழப்பது பெரும்பாலும் இங்கே. முதலாம் வகுப்பு அனுமதியில் இடங்களில் பாதி அருகில் வசிப்போருக்கு என்பது நெடுநாளாக உள்ள பங்கீடு. அந்தப் பிரிவின் புள்ளியில் பெரும் பங்கு தூரத்துக்கு. வீட்டுக்கும் விண்ணப்பித்த பாடசாலைக்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரத்தை எடுத்து, அதைவிட வீட்டுக்குக் கிட்ட இருக்கும் ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு குறிப்பிட்ட புள்ளியைக் கழிப்பார்கள். எவ்வளவு என்பதை அந்தந்த ஆண்டுச் சுற்றறிக்கையில் பாருங்கள், போன வருடத்து விபரத்தை நம்பிப் போகாதீர்கள். கழிக்க வேண்டியது உங்கள் பிள்ளை உண்மையில் சேரக்கூடிய, ஆரம்பப் பிரிவு உள்ள பாடசாலைகளுக்கு மட்டும். ஆண் பிள்ளைக்குப் பெண்கள் பாடசாலையைக் கணக்கிடக் கூடாது. தமிழ் மொழிமூல விண்ணப்பத்துக்குச் சிங்கள மொழிமூல வகுப்பு மட்டும் உள்ள பாடசாலையைக் கணக்கிடக் கூடாது. தெஹிவளை, கிருலப்பனை, பொரளை போன்ற இடங்களில் ஒரு வீட்டைச் சுற்றி ஏழெட்டுப் பாடசாலை இருக்கலாம், அதில் தமிழ் வகுப்பு உள்ளது ஒன்றோ இரண்டோதான். பட்டியலைக் கையில் எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே "மொழிமூலம், ஆண்/பெண், ஆரம்பப் பிரிவு உண்டா" என்று எழுதிப் பாருங்கள். ஒரு பெயர் பிழையாக இருந்தாலே பட்டியலில் பிள்ளையின் நிலை மாறிவிடும்.

இதை நேர்முகப் பரீட்சை அன்றே செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. புள்ளியிட்ட தாளில் கையொப்பம் கேட்கும்போது அவசரப்படுத்துவார்கள், பின்னால் வரிசை நிற்கிறது என்பார்கள். அந்த ஒரு தாளைத்தான் பிறகு எல்லாரும் பார்க்கப் போகிறார்கள். ஒவ்வொரு எண்ணையும் உங்கள் கொப்பியில் எழுதிக்கொண்ட பிறகு கையொப்பம் வையுங்கள். உடன்பாடில்லாத இடத்தில் "உடன்பாடில்லை" என்று எழுதிக் கையொப்பமிட உங்களுக்கு உரிமை இருக்கிறது. தற்காலிகப் பட்டியல் வெளியான பின் மேன்முறையீட்டுக்கும் ஆட்சேபனைக்கும் தருகிற காலம் குறுகியது, பாடசாலை அறிவித்தல் பலகையில் போட்டால் போதும் என்ற முறை இன்னும் இருக்கிறது. பலகையைப் போய்ப் பார்த்துத் திகதி தெரியும்படி போனில் படமெடுங்கள். ஒரு மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று பிறகு தர்க்கம் வரும். மிக முந்திய திகதியிலிருந்து எண்ணினால் உங்களுக்குப் பயமில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்களின் நிலை இதைவிடக் கஷ்டம். வதிவிடத்துக்கான புள்ளியில் ஐந்து வருட வாக்காளர் இடாப்புப் பார்க்கப்படுகிறது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் எத்தனையோ வீட்டுக்காரர்கள் வாடகைக்காரரின் பெயரை இடாப்பில் போட விடுவதில்லை. வாடகைக்காரரைப் பாதுகாக்கும் 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தை நினைத்து, பெயர் ஏறினால் வீடு போய்விடும் என்று பயப்படுகிறார்கள். இடாப்பில் பெயர் இருப்பது வீட்டின் மேல் எந்த உரிமையையும் கொடுக்காது. அந்தப் பயத்துக்கான விலையைக் கொடுப்பது ஐந்து வயதுப் பிள்ளை. வீட்டுக்காரர் படிவத்தில் பெயரைச் சேர்க்காவிட்டால் கிராம உத்தியோகத்தரிடம் நேரில் போய் எழுத்தில் கேளுங்கள். வரைவு இடாப்பு பிரதேச செயலகத்தில் பார்வைக்கு வைக்கப்படும்போது உரிமைக்கோரிக்கை கொடுக்கலாம். பிள்ளை பிறந்த வருடமே இதைத் தொடங்க வேண்டும், நாலு வயதில் தொடங்கினால் காலம் காணாது. வாடகை ஒப்பந்தத்தை நொத்தாரிசு மூலம் எழுதிப் பதிவு செய்து, ஒவ்வொரு வருடமும் இடைவெளி விடாமல் புதுப்பியுங்கள். நடுவில் மூன்று மாதம் விட்டுப்போனால் அந்த வருடத்துப் புள்ளியையே கேள்விக்குள்ளாக்குவார்கள். மின்சார, தண்ணீர்க் கட்டணப் பட்டியல் வீட்டுக்காரர் பெயரில் இருந்தாலும், உங்கள் பெயரில் அந்த முகவரிக்கு வந்த வங்கிக் கடிதம், பிள்ளையின் தடுப்பூசி அட்டை என்பவற்றைச் சேர்த்து வையுங்கள்.

சிங்களத்தில் மட்டும் வரும் கடிதத்துக்கு என்ன செய்வது? அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி மேல் மாகாணத்திலும் நீங்கள் தமிழில் எழுதலாம், தமிழில் பதில் பெறலாம். கொழும்பு, திம்பிரிகஸ்யாய ஆகிய இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளும் இருமொழிப் பிரிவுகளாகவே வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. ஆகவே கடிதத்தின் இலக்கத்தைக் குறிப்பிட்டுத் தமிழ்ப் பிரதி கேட்டு எழுதுங்கள், தராவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யுங்கள். ஆனால் தமிழ்ப் பிரதி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். நாட்கணக்கு சிங்களக் கடிதம் கையில் கிடைத்த அன்றே தொடங்கிவிட்டது என்று எதிர்த்தரப்புச் சொல்லும். அன்றைக்கே தெரிந்தவரைக் கொண்டு வாசித்துப் பொருளை அறிந்துகொள்ளுங்கள், நீதிமன்றம் என்று வந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பம் வைக்கவே வேண்டாம். பொலிஸ் நிலையத்திலும் அப்படித்தான். தமிழில் பதிய ஆளில்லை என்றால், நீங்களே தமிழில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்து அதைப் பதியச் சொல்லுங்கள். திரும்பும்போது முறைப்பாட்டுப் புத்தக இலக்கமும் பக்கமும் எழுதிய துண்டு இல்லாமல் வராதீர்கள்.

பிள்ளைக்கு அடி விழுந்தால் வரிசை மாறும். முதலில் வைத்தியசாலை, அதுவும் அன்றைக்கே. பக்கத்துத் தனியார் டிஸ்பென்சரியில் மருந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டால் சட்ட வைத்திய அறிக்கை கிடைக்காது. அரசாங்க வைத்தியசாலையில், சிறு பிள்ளை என்றால் பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் காட்டி, "பாடசாலையில் ஆசிரியர் அடித்தார்" என்று டொக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். "விழுந்துவிட்டான்" என்று ஒருமுறை கட்டில் அட்டையில் ஏறிவிட்டால் பிறகு எந்த விசாரணையிலும் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். காதில் அறை விழுந்திருந்தால் வெளியில் காயம் தெரியாது; செவிப்பறையையும் கேட்கும் திறனையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு பொலிஸ், பிறகு தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை, இலக்கம் 1929.

பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை சொல்கிறது. பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவது தண்டனைச் சட்டக் கோவையின் 308அ பிரிவின் கீழ் குற்றம். ஆசிரியரின் அறையால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில், அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய இழிவான நடத்துகை என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. வழக்கு இலக்கம் அடிப்படை உரிமை 97/2017. நாலு வருடம் எடுத்திருக்கிறது. அந்த நாலு வருடமும் அந்தப் பிள்ளை செவிப்புலன் பாதிப்போடு தீர்ப்புக்காகக் காத்திருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கொதிக்கிறது. "பெரிசாக்க வேண்டாம், பிள்ளையின் எதிர்காலம்" என்று சொந்தக்காரர் சொல்லுவார்கள். அந்த எதிர்காலத்துக்காகத்தான் அன்றே வைத்தியசாலைக்குப் போகச் சொல்கிறேன்.

அனுமதிக்குப் பணம் கேட்டால் கொடுத்துவிட்டுப் பிறகு முறையிடுவது மிகக் கடினம், கொடுத்தவரும் மாட்டிக்கொள்ளலாம். கொடுக்கும் முன்பே 1954க்கு அழையுங்கள், அது இலஞ்ச ஊழல் ஆணைக்குழு. பணம் கைமாறும் இடத்தில் வைத்துப் பிடிப்பதுதான் அவர்களுடைய வழி. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு "நன்கொடை" என்று கேட்டால் சங்கத்தின் பற்றுச்சீட்டு கேளுங்கள். பற்றுச்சீட்டு தர முடியாத நன்கொடை எதுவாக இருக்கும் என்று உங்களுக்கே விளங்கும்.

சர்வதேசப் பாடசாலை என்றால் மேலே சொன்னதில் பல உதவாது. 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் புதிய தனியார் பாடசாலைகளுக்குத் தடை போட்டதால் அவை கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்து நடக்கின்றன. அங்கே உங்களிடம் இருப்பது ஒப்பந்தம் ஒன்றுதான். அனுமதி வைப்புப் பணம் திரும்பக் கிடைக்குமா, இடையில் விலக எத்தனை தவணை முன்னறிவித்தல், நிலுவை இருந்தால் விடுகைப் பத்திரத்தை நிறுத்திவைப்பார்களா என்ற மூன்றையும் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வழக்குக்குப் போகக் காசில்லாதவர்கள் புதுக்கடை மேல் நீதிமன்றக் கட்டடத்தொகுதியில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். வருமான எல்லை ஒன்று உண்டு, கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்றிதழைக் கொண்டுபோங்கள். கடிதங்களைத் திகதி ஒழுங்கில் அடுக்கி, மேலே ஒரு தாளில் என்ன நடந்தது, எப்போது என்று பத்து வரி எழுதிக் கொடுத்தால் அன்றே அவர்கள் ஒரு முடிவு சொல்ல வசதியாக இருக்கும். ஒரு மாதத்தில் எத்தனை நாள் மிச்சம் என்பதை அந்தத் தாளின் தலையில் பெரிதாக எழுதுங்கள்.

முறைப்பாடு போன பிறகு பாடசாலையிலிருந்து அழைப்பு வருவதுண்டு. குரல் மாறியிருக்கும், தேநீர்கூடத் தருவார்கள். "பிள்ளையை எடுக்கிறோம், முறைப்பாட்டை வாபஸ் வாங்கிக் கடிதம் தாருங்கள்" என்பார்கள். சமரசம் நல்லதுதான், பிள்ளை வகுப்பில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. ஆனால் அனுமதிக் கடிதம் கையில் வந்து, வரவுப் பதிவேட்டில் பெயர் ஏறி, சேர்வு இலக்கமும் கிடைக்கும்வரை வாபஸ் கடிதத்தில் கையொப்பம் வேண்டாம். அப்போதும் "பிள்ளை இன்ன திகதியில், இன்ன சேர்வு இலக்கத்தில் அனுமதிக்கப்பட்டதால்" என்று தொடங்கி எழுதி, ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.